மழை வந்தால் விழா என்ன ஆகும்?
(பத்திரிகை நிதி விழாவுக்கான தொண்டர் கூட்டத்தில் விழாக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ஆலை ஷிப்டு முடிந்து நேரே வந்திருக்கிறீர்கள். நடவு வயலிலிருந்து கால் கழுவி வந்த தோழர்களும் இருக்கிறார்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். நம் வாரப் பத்திரிகைக்கு நிதி திரட்ட விழா நடத்துகிறோம். விழா நாள் ஐப்பசியில் வருகிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள். "இவ்வளவு தெரிந்தும் இந்த மாதத்தில்தானா விழா? சித்திரையில் வைத்தால் வானமாவது வெளுத்திருக்குமே!" என்று பல தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறோம்.

வானம் வெளுத்திருக்கும் மாதத்தில் நம் ஜனங்களின் மடி காய்ந்திருக்கும். டெல்டாவில் மேட்டூர் அணையைத் திறப்பதற்கு வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவதற்கு வழக்கமான நாள் ஜனவரி 28. தை அறுவடை முடிந்ததும் விவசாயத் தொழிலாளிக்கு வயலில் வேலை சுருங்கிவிடுகிறது. சித்திரை, வைகாசியில் அவர் வீட்டில் காசு ஏது? ஆலைத் தொழிலாளிக்கோ வைகாசி என்றால் பள்ளிக்கூடச் செலவு; புத்தகம், சீருடை, கட்டணம். அவர் கையில் நாலு காசு புரள்வது தீபாவளி போனஸின்போதுதான். அந்தப் போனஸும் சும்மா வந்ததல்ல. கணக்கு ஆண்டு முடிந்த 8 மாதத்துக்குள் போனஸ் கொடுத்தாக வேண்டும் என்று 1965-ல் வந்த சட்டம் விதித்தது. மார்ச் 31-ல் கணக்கு முடிக்கும் ஆலைக்கு அந்தக் கெடு நவம்பர் 30. அதற்குள் தீபாவளி வந்துவிடும். சட்டம் வருவதற்கு முன்னும் வந்த பின்னும் போனஸுக்காக எத்தனை ஆலை வாசல்களில் எத்தனை நாள் நின்றோம் என்பதை இங்கே இருக்கும் மூத்த தோழர்களைக் கேளுங்கள். போனஸ் வரும் மாதமும் மழை வரும் மாதமும் ஒன்றாக அமைந்துவிட்டன. நடவும் களையெடுப்பும் நடப்பதால் வயலிலும் அப்போதுதான் கூலி கிடைக்கிறது. ஆகவே விழா மழைக் காலத்தில்தான். மழையோடு விழா நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

நமக்கு முன்னே இதைக் கற்றவர்கள் உண்டு. பிரான்சு தேசத்தில் ‘லுமானித்தே’ என்ற பத்திரிகையை 1904-ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று ழான் ழொரேஸ் தொடங்கினார். 1920-ல் தூர் நகர மாநாட்டுக்குப் பிறகு அது கம்யூனிஸ்டுகளின் பத்திரிகை ஆயிற்று. 1929-ல் அதற்குப் பெரிய பணமுடை வந்தது. தொழிலாளர், விவசாயிகள் பெயரால் நடந்துவந்த வங்கியில் சர்க்கார் கை வைத்தது. பத்திரிகை நின்றுவிடும் நிலை. அப்போது வாசகர்களே ஊருக்கு ஊர் பாதுகாப்புக் கமிட்டிகள் அமைத்துக்கொண்டார்கள். மறு ஆண்டு, 1930 செப்டம்பரில், பாரிசுக்குப் பக்கத்திலுள்ள பெசோன் என்ற ஊரில் பத்திரிகைக்காக முதல் விழா நடந்தது. மார்செல் காஷேன் அப்போது பத்திரிகையின் தலைவர். கூடியவர்கள் ஓராயிரம் பேர் அளவில்தான். பிற்காலத்தில் அதே விழா லட்சக்கணக்கான ஜனங்கள் கூடும் விழாவாயிற்று.

1939 ஆகஸ்டில் பத்திரிகை தடை செய்யப்பட்டது. நாஜிகள் பிரான்சைப் பிடித்திருந்த காலத்தில் ரகசியமாக அச்சடித்துக் கைக்குக் கை கொடுத்தார்கள். போர் முடிந்த 1945 செப்டம்பரிலேயே விழாவை மறுபடி நடத்தினார்கள். அதைப் பார்த்து இத்தாலியத் தோழர்களும் அதே 1945 செப்டம்பரில் மரியானோ கொமென்சே என்ற ஊரில் தங்கள் ‘லுனிதா’ பத்திரிகைக்காக விழா எடுத்தார்கள். கிராம்ஷி 1924-ல் தொடங்கிய பத்திரிகை அது.

பாரிசு விழா செப்டம்பர் மாதத்தில் நடப்பது. கோடை முடிந்து மழை எட்டிப் பார்க்கும் காலம். லா கூர்நேவ் என்ற தொழிலாளர் பகுதியில் 1960-க்குப் பிறகு பல ஆண்டுகள் இந்த விழா நடந்தது. அந்த மைதானத்துச் சேறு விழாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ரப்பர் பூட்ஸ் இல்லாமல் விழாவுக்குப் போகாதே என்று அப்பன் பிள்ளைக்குச் சொல்லும் அளவுக்கு ஆயிற்று. ஆனாலும் சேற்றுக்குப் பயந்து விழாவை விடவில்லை. காரணம் என்ன? பிரெஞ்சுக்காரனுக்கு நம்மைவிட உறுதி அதிகம் என்பதா? அதெல்லாம் இல்லை. நுழைவுச் சீட்டை ஆதரவுச் சீட்டு என்ற பெயரில் கட்சித் தோழர்கள் பல வாரங்களுக்கு முன்பே ஆலை வாசலிலும் சந்தையிலும் தெருவிலும் விற்றுவிடுகிறார்கள். விழா நாளில் வானம் என்ன செய்தாலும் அந்தப் பணம் வந்துவிட்டது! சீட்டு வாங்கியவன் மழை பெய்தாலும் வருகிறான், வாங்கிவிட்டோமே என்று.

போர்ச்சுகல் தோழர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாசிஸ்டு ஆட்சி வீழ்ந்த பின் 1976-ல் தங்கள் ‘அவாந்தே’ பத்திரிகைக்கு முதல் விழா நடத்தினார்கள். நடத்த இடம் கிடைக்காமல் 1987-ல் விழாவே நடக்கவில்லை. மழையைவிடப் பெரிய எதிரி அது: நிலம் இன்னொருவன் கையில் இருப்பது. அவர்கள் என்ன செய்தார்கள்? ஜனங்களிடம் நிதி திரட்டி, லிஸ்பனுக்கு எதிர்க்கரையில் அதலாயா என்ற பண்ணை நிலத்தை வாங்கினார்கள். 1990 முதல் விழா அங்கேதான். பந்தலும் கடைகளும் மேடையும் தொண்டர்களின் உழைப்பில் வார இறுதி நாட்களில் எழும்புகின்றன. அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருந்து அனுபவித்தவர்கள் நாம். அந்தச் சங்கதியின் அருமையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்து மலபாரில் 1942-ல் ‘தேசாபிமானி’ வார ஏடாகத் தொடங்கியது. தோழர் இ. எம். எஸ். தமது குடும்பச் சொத்தில் கிடைத்த பங்கை விற்றுக் கொடுத்தார். அதே பத்திரிகைக்கு நிதி கேட்டபோது பாலோரா மாதா என்ற ஏழைப் பெண் தன் பசுக்கன்றைப் பிடித்துக் கொடுத்தார். முதலாளிகளின் பத்திரிகைக்கு மழையால் ஒரு நஷ்டமும் இல்லை. நகைக்கடை விளம்பரமும் மனை விற்பனை விளம்பரமும் மழையிலும் வரும். நம் பத்திரிகைக்கு அந்தக் கன்றுக்குட்டிதான் விளம்பரதாரர்.

சரி, நம் மைதானத்துக்கு வருவோம்.

முதல் வேலை சீட்டு விற்பனை. விழா நாளன்று கடையில் வசூலாகும் பணம் மழையை நம்பியது. முன்கூட்டி விற்ற சீட்டு நம்மை நம்பியது. ஆகவே செலவுத் தொகை முழுவதும் விழாவுக்கு ஒரு வாரம் முன்பே சீட்டுப் பணத்தில் வந்துவிட வேண்டும் என்று குழு முடிவு செய்திருக்கிறது. பந்தல், மேளம், அரிசி, எண்ணெய் எல்லாம் அதில் அடக்கம். கடை வசூல் எவ்வளவு வந்தாலும் அது அப்படியே பத்திரிகைக்கு. சில தோழர்கள் சீட்டோடு பரிசுக் குலுக்கலும் வைக்கலாம் என்றார்கள். வேண்டாம். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனைக்குத் தடை வந்தது. அந்தச் சீட்டு எத்தனை கூலிக் குடும்பங்களை விழுங்கியது என்று நாம் கண்ணால் கண்டோம். நாமே குலுக்கல் நடத்தி, சட்டச் சிக்கலையும் கெட்ட பெயரையும் வாங்க வேண்டுமா? ஒரு ரூபாய் கொடுப்பவன் பத்திரிகைக்கென்று தெரிந்தே கொடுக்கட்டும்.

இரண்டாவது, பந்தல். இதில் நேரம் எடுத்துக்கொண்டு பேசுகிறோம். இதில்தான் உயிர் இருக்கிறது. 30 அடிக்கு 20 அடி சாமியானா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 550 லிட்டருக்கு மேல். 100 கிலோ மூட்டை ஐந்தரை! துணி தளர்ந்து தொட்டிபோல் தொங்கினால் அத்தனை பாரமும் ஜனங்களின் தலைக்கு மேலே நிற்கும். அதனால் நடுக்கம்பம் உயரமாகவும் இருபுறமும் நல்ல சரிவாகவும் இருக்க வேண்டும். பார்வைக்கு அழகாக மட்டமாய்க் கட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தண்ணீர் தேங்கினால் கீழேயிருந்து கம்பால் குத்தித் தள்ளுவது ஆபத்து. ஜனங்களை வெளியே அனுப்பிவிட்டு ஓரத்துக் கயிற்றைத் தளர்த்தி வடிய விட வேண்டும்.

காற்று அதைவிடப் பொல்லாதது. காற்றின் வேகம் 40 கிலோமீட்டரிலிருந்து 80 ஆனால் அதன் தள்ளுவிசை இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். நனைந்த மண்ணில் முளை பிடிப்பதும் குறைந்துவிடும். நம் மைதானம் பாதி கரிசல். ஈரம் பட்டால் வெண்ணெய். குட்டை முளை வேண்டாம், நீள இரும்பு முளை அடிக்க வேண்டும். ஒவ்வொரு கால் அடியிலும் மணல் சாக்கு வைக்க வேண்டும். பக்கத் திரைகளைக் காற்று வரும்போது அவிழ்த்து விட வேண்டும். இழுத்துக் கட்டினால் பந்தல் பாய்மரக் கப்பலாகிவிடும்.

பந்தல் கட்ட வருகிறவனும் கூலித் தொழிலாளிதான் என்பதை மறக்காதீர்கள். மழையில் வழுக்கும் கம்பத்தில் அவனை ஏறச் சொல்லி அதிகாரம் பண்ண நாம் காண்டிராக்டர் அல்ல. மழை விடும்வரை வேலை நிற்கும். அதற்காகத்தான் ஒரு நாள் முன்னதாகவே வேலை தொடங்கச் சொல்லியிருக்கிறோம்.

மின்சாரம் முழுப் பொறுப்பும் ஆலையின் எலக்ட்ரீஷியன் தோழர்களுக்கு. வேறு யாரும் ஒயரைத் தொடக்கூடாது, தலைவர்கள் உள்பட. ஒயர் தரையில் கிடக்கக்கூடாது. இரும்புக் கம்பத்தில் சுற்றக்கூடாது. ஜாயின்ட் எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே, மூடிய பெட்டிக்குள். ஒவ்வொரு லைனிலும் கசிவு கண்டால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்சு இருக்க வேண்டும். அது இல்லாமல் விளக்கு எரியாது. இருட்டில் கூட்டம் நடத்தினாலும் நடத்துவோம். ஜெனரேட்டர் பந்தலுக்கு வெளியே, புகை ஜனங்கள் பக்கம் வராத திசையில், மேடான இடத்தில். மைக் இரவு 10 மணிக்கு நின்றுவிடும். 2000-ல் வந்த விதி அது. மழையால் தாமதமானால் பேச்சாளர்கள் பேச்சைச் சுருக்கிக்கொள்வார்கள், கலை நிகழ்ச்சியைச் சுருக்க மாட்டோம். ஜனங்கள் எதற்காக நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாதா?

இடியைப் பற்றி. மின்னல் கண்டதும் ஒன்று, இரண்டு என்று வினாடி எண்ணுங்கள். சத்தம் 1 கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 வினாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே மைதானத்தைக் காலி செய்ய வேண்டும். சாமியானா மின்னலுக்குப் பாதுகாப்பு அல்ல. புளிய மரம் நிச்சயமாக அல்ல. பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்குள்ளும், நிற்கும் பஸ், வேன்களுக்குள்ளும் அனுப்புங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பின்தான் திரும்ப அழைக்கலாம். குழந்தைகளை அழைத்துப் போகும் பொறுப்பை மாதர் சங்கத் தோழர்கள் ஏற்றிருக்கிறார்கள். எந்தக் குழந்தை யாருடையது என்று தெரியக் கையில் அடையாளச் சீட்டு கட்டுவார்கள்.

விழாவை எப்போது தள்ளிவைப்பது, யார் முடிவு செய்வது? இதில் வீறாப்புக்கு இடமில்லை. "புயல் வந்தாலும் விழா நடக்கும்" என்று ஒரு தோழர் சுவரில் எழுதியிருக்கிறார். அவர் உற்சாகத்தைப் பாராட்டுகிறோம், வாசகத்தை அழிக்கச் சொல்லியிருக்கிறோம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது தென்னந்தோப்புகள் என்ன ஆயின? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட வானத்தின் கீழ் கூழாயினும் குடிசையில் இருப்பதுதான் ஜனங்களுக்கு நல்லது. குடிசையும் நில்லாத இடத்தில் நம் தொண்டர்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

வானிலை நிலையம் நிறம் காட்டி எச்சரிக்கிறது. மஞ்சள் என்றால் விழா மைதானத்தில் நடக்கும், குடை கொண்டு வரச் சொல்வோம். ஆரஞ்சு என்றால் மண்டபத்துக்குள். சிவப்பு என்றால் ஒரு வாரம் தள்ளிவைப்போம். நிறம் சிவப்பானதால் நமக்குச் சாதகம் என்று எண்ணிவிடாதீர்கள்! கனமழை என்று அவர்கள் சொல்வது ஒரு நாளில் ஆறரை சென்டிமீட்டர் அளவிலிருந்து தொடங்குகிறது. அதிகனமழை என்பது 20 சென்டிமீட்டருக்கு மேல். விழா நாள் காலை 6 மணிக்கு மூன்று பேர் கூடி முடிவு செய்வார்கள்: ஆலைச் சங்கத்திலிருந்து ஒருவர், விவசாயத் தொழிலாளர் சங்கத்திலிருந்து ஒருவர், மாதர் சங்கத்திலிருந்து ஒருவர். முடிவு சொன்ன பின் தர்க்கம் கூடாது. கிராமங்களிலிருந்து ஜனங்கள் புறப்படும் முன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் காசு கொடுத்து வந்து, காலி மைதானத்தைப் பார்த்துத் திரும்பிப் போகும் நிலை ஒரு தாய்க்கும் வரக்கூடாது.

கலைஞர்கள் சம்பளம் பற்றிக் குழுவில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. மறைக்க வேண்டியதில்லை. மழையால் ஆட்டம் நின்றால் பறைக் குழுவுக்கும் கூத்துக் குழுவுக்கும் பணம் கொடுக்க வேண்டுமா? பத்திரிகைக்கென்று திரட்டிய காசு, ஆடாத ஆட்டத்துக்குக் கொடுப்பது சரியா என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்களும் நேர்மையான தோழர்கள்தான். ஆனால் மழையால் நடவு நின்றால் பாதிக் கூலியாவது கொடு என்று மிராசுதாரிடம் கேட்டவர்கள் நாம். மின்சாரம் நின்று தறி ஓடாத நாளுக்கு லே-ஆப் சம்பளம் கேட்டவர்கள் நாம். பறையடிக்க வந்தவனிடம் மட்டும் "மழை உன் தலைவிதி" என்று சொன்னால் அந்த வாய் பிறகு எந்த வாசலில் நின்று பேசும்? முழுச் சம்பளமும் கொடுப்பது என்று முடிவாயிற்று. அந்தத் தொகை செலவுக் கணக்கில் ஏற்கனவே சேர்ந்துவிட்டது.

சாப்பாட்டுக் கடைக்கு ஒரு வார்த்தை. பொங்கிய சோற்றைத் திரும்ப அரிசியாக்க முடியாது. ஆகவே ஒரேயடியாகப் பொங்காமல் மூன்று தவணையாகப் பொங்குங்கள். வானத்தைப் பார்த்து அடுத்த உலை. விறகைத் தார்ப்பாயின் கீழ் செங்கல் மேல் அடுக்குங்கள். ஐஸ் கடைக்கு இந்த முறை ஒரு மேசை போதும். சுக்குக் காப்பி, பஜ்ஜி, சூடான சுண்டல் ஆகியவற்றுக்கு இரட்டிப்பு ஏற்பாடு. மழையில் நனைந்த மனிதன் பஜ்ஜி விலையைப் பற்றிப் பேரம் பேசுவதில்லை என்பது நம் சமையல் தோழர்களின் நீண்டகால ஆராய்ச்சி. புத்தகக் கடை மட்டும் மைதானத்தில் வேண்டாம், முதலிலிருந்தே மண்டபத் திண்ணையில்.

கணக்கு விஷயம். ரசீதுப் புத்தகம் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும், பேனா மை ஈரத்தில் கரையாததாக இருக்கட்டும். ஒவ்வொரு கடைக்கும் மூடியுள்ள தகரப் பெட்டி. இரவே இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். நனைந்த நோட்டு மறுநாள் காயட்டும், எண்ணிக்கை மறுநாளுக்குப் போகக்கூடாது. வரவு செலவு முழுவதும் அடுத்த இதழிலேயே அச்சாகும், பறைக் குழுவின் சம்பளம் உள்பட.

இனி வேலைப் பங்கீடு. இரண்டாம் ஷிப்டுத் தோழர்கள் வெள்ளிக்கிழமை காலை வந்து மைதானத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்ட வேண்டும். ஒரு சாண் ஆழம், சாலையோரச் சாக்கடையை நோக்கிச் சரிவு. வடிகால் வெட்டுவதில் வயல் தோழர்கள் சொல்வதே சட்டம். ஃபிட்டர்கள் அளவுகோலோடு வந்து குறுக்கிட வேண்டாம். வைக்கோலும் தென்னை நார்க் கழிவும் நடைபாதையில் பரப்ப இரண்டு வண்டி தருவதாகக் கிராமக் கிளைகள் சொல்லியிருக்கின்றன. மணல் சாக்குக்குப் பழைய சிமெண்டுப் பைகள் வேண்டும், ஆளுக்கு நாலு கொண்டு வாருங்கள். மண்வெட்டி உள்ளவர்கள் பெயரை வாசலில் உட்கார்ந்திருக்கும் தோழரிடம் இப்போதே எழுதிவிட்டுப் போங்கள். வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்குச் சுக்குக் காப்பி தயாராக இருக்கும்.